இருந்தால் தொடாதே

ராஜகீழ்ப்பாக்கம்
10.11.2024

அன்பு மாப்ளே ஷாகுலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அக்கா ஜெய்னப், என் சர்க்கரை வியாதி மூவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் கைனாத்தும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முதுகுவலி எப்படி?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ கேட்பது கோயம்புத்தூரிலிருந்து இங்கே கேட்கிறது. போன் போட்டால் உன் அக்கா, ‘தம்பியா, இங்க குடுங்க’ என்று பிடுங்கிக்கொள்கிறாள். கடைசியில் எனக்குத் திரும்பி வருவது சூடான போன் மட்டும்தான். ஆபீஸ் மெயிலை உங்கள் தலைமை அலுவலகம் படிக்கிறது. வாட்ஸ்அப்பும் வேண்டாம். போன பக்ரீதுக்கு உன் பெரியம்மா மகள் வைத்த பிரியாணியைப் பற்றி உனக்கென்று பேசி அனுப்பியது குடும்பக் குழுவுக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் எனக்கு சலாம் உண்டு, சாப்பாடு இல்லை. ஆகவே தபால்.

விஷயம் இதுதான். அனகாபுத்தூர் கிளினிக்கில் ரிசப்ஷன், கம்ப்யூட்டர், ஜெனரேட்டர், சண்டை விலக்குவது ஆகிய துறைகளுக்கு நான்தான் அமைச்சர் என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை டாக்டர் மஹீன் எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார். பன்னிரண்டுக்கு வருவார், பன்னிரண்டரைக்கு ஜும்ஆவுக்குப் போவார், இரண்டு மணிக்குத் திரும்புவார். இது தெரு நாய்க்குக்கூடத் தெரியும். டோக்கன் மெஷினுக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு 12.45க்கு ஒருவரைக் கூப்பிடுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் டாக்டர் அறையில் பட்டனை அழுத்தாவிட்டால், நோயாளி ‘வரவில்லை’ என்று எழுதிக்கொள்கிறது. டாக்டர் வராததற்கு நோயாளிக்கு ஆப்சென்ட்!

முந்தாநாள் செல்லம்மாவுக்கு அப்படித்தான் விழுந்தது. இரண்டு வீட்டில் சமையல் முடித்துவிட்டு ஓடி வருகிறவள். டோக்கன் கூப்பிடும் போர்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். “இன்னா சார் இது? நான் இங்கதான குந்திகினு கீறேன்? உன் பொட்டி நான் வர்லன்னுது. நான் இன்னா ஆவியா?” என்றாள். மூன்று முறை ‘வரவில்லை’ என்று விழுந்தால் பாதி விலை அட்டை ரத்து. அந்த அட்டை போனால் அவள் ஊசி மருந்தை விட்டுவிடுவாள். முழு விலைக்கு வாங்குகிற நிலை அவளுக்கு இல்லை.

நேரங்கள் எழுதியிருக்கும் ஃபைலை நானே திறந்து, வெள்ளிக்கு இடைவேளை 12.30 முதல் 2 வரை என்று மாற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி இருக்கிறது. மறுபடி மாற்றினேன். மறுபடி அழிந்தது. பேய் பிடித்த கம்ப்யூட்டரோ என்று ஓதி ஊதியும் பார்த்தேன். தூசிதான் பறந்தது. பிறகுதான் ஃபைலின் முதல் வரியைப் படித்தேன்: ‘இது தலைமை அலுவலகம் பராமரிக்கும் ஃபைல். யாரும் கை வைக்க வேண்டாம்.’ பேய் இல்லை, என் மச்சினன்!

இந்த ஏற்பாட்டை எழுதியவன் நீதானே? சரி செய்து கொடு. கைனாத்துக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம்.

வஸ்ஸலாம்,
காஜா


கோயம்புத்தூர்
17.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் நலம். முதுகுவலி நாற்காலியில் இருக்கும்போது மட்டும்தான். உங்கள் சர்க்கரைக்கு அந்த டாக்டர் மஹீனிடமே காட்டலாமே? அக்காவுக்குத் தெரியாமல் ஜாங்கிரி சாப்பிடுவதை அவருக்காவது சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னது பேயும் இல்லை, கோளாறும் இல்லை. அது அப்படித்தான் செய்ய வேண்டும். நாற்பது கிளைகளில் இருக்கும் ஃபைல்களையும் அரை மணிக்கு ஒருமுறை இங்கே உள்ள அசலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அசலை மேலே வைத்துவிடும். இதை நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒரு கிளையில் ஒருவர் ‘சும்மா பார்த்தேன்’ என்று தேதியை மாற்றி வைத்து, ஒரு வாரம் எல்லோருக்கும் போன வருஷத் தேதியில் ரிப்போர்ட் போயிற்று. அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் யார் எதை மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் வெள்ளிக்கிழமை நேரம் வேறு விஷயம். அது நியாயம். மேலே கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை நீங்கள் எதையும் தொடாதீர்கள்.

அக்காவுக்கு என் சலாம்.

ஷாகுல்


ராஜகீழ்ப்பாக்கம்
24.11.2024

மாப்ளே,

உன் மீதும் வீட்டார் மீதும் சாந்தி உண்டாகட்டும். என் மீது இல்லை, காரணம் கீழே.

தொடாதே என்றாய். தொட்டேன். ஃபைலுக்கு ‘படிக்க மட்டும்’ என்று பூட்டு போட்டேன். உன் மெஷின் ஃபைலோடு சேர்த்துப் பூட்டையும் மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் அந்த ஒப்பிடுகிற வேலையையே நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் அதுவாக எழுந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கண்ணயர்ந்ததும் ‘ரேஷன் கடை’ என்று எழுப்புகிற உன் அக்காவின் கை இதற்குள் இருக்கிறது. உங்கள் ரத்தமே இப்படித்தான்.

22ஆம் தேதி செல்லம்மாவுக்கு இரண்டாவது ‘வரவில்லை’. டாக்டர் தொழுதுவிட்டு வந்து அவளைப் பார்த்தார், மருந்து எழுதினார், எல்லாம் நடந்தது. ஆனால் மெஷின் கணக்கில் அவள் வரவே இல்லை. அழிக்க முடியுமா என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். ‘நோயாளிகள் நேரம் தவறாமல் வருவதை உறுதி செய்யவும்’ என்று பதில். போர்டு மேலே சொம்பை வீசலாமா என்றிருக்கிறது.

கேட்டுப் பார்க்கிறேன் என்றாயே, கேட்டாயா? ஒரே ஒரு வரி மாற்ற வேண்டிய விஷயம் என்று என் புத்திக்கே தெரிகிறது. உன் நிக்காஹ் பேசப் போனபோது உன் வாப்பா, ‘எங்க ஷாகுல் ஒரு பட்டனத் தட்டுனா நாப்பது ஊரு அசையும்’ என்றார். அந்தப் பட்டன் இப்போது எங்கே, கைனாத் சட்டையிலிருந்து பிய்த்துவிட்டாளா?

உன் அக்கா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்கிறாள். அனுப்பமாட்டேன். வரி வரட்டும்.

காஜா


கோயம்புத்தூர்
2.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ.

நேரங்களை ஃபைலில் ஒருமுறை சரியாகப் போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு கை வைக்காதீர்கள். யாரிடமும் எதுவும் பேசாதீர்கள். இந்த வெள்ளி பார்ப்போம்.

ஷாகுல்


ராஜகீழ்ப்பாக்கம்
15.12.2024

வெற்றி, மாப்ளே, வெற்றி!

முதலில் சலாம். பிறகு உடல்நலம்: எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது, உன் அக்கா சட்டையைத் தளர்த்தித் தைக்கிறாள். நீங்கள் எல்லோரும் எப்படி?

நீ ‘பார்ப்போம்’ என்று எழுதியதை நம்பி நான் உட்காரவில்லை. இன்டர்நெட்டில் தேடி ஒரு கல் பூட்டு கண்டுபிடித்தேன். அதைப் போட்டால் ராஜாவே வந்தாலும் ஃபைலை மாற்ற முடியாதாம். 5ஆம் தேதி மாலை நேரத்தைத் திருத்தி, அந்தப் பூட்டைப் போட்டேன். 6ஆம் தேதி வெள்ளி ஜும்ஆ நேரத்தில் போர்டு வாயே திறக்கவில்லை! இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார், போர்டு செல்லம்மாவின் டோக்கனைக் கூப்பிட்டது, செல்லம்மா எழுந்து புதுப்பெண் மாதிரி உள்ளே போனாள். அடுத்த முறை ஜனவரி 31 வரச் சொல்லியிருக்கிறார். முந்தாநாள் வெள்ளியும் அப்படியே நடந்தது.

நாற்பது ஊரை அசைக்கிற உன்னை அனகாபுத்தூரில் ஒரு கிழம் ஜெயித்துவிட்டது. இதை என்னால் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? நேற்று சனிக்கிழமை மீட்டிங்கில் எல்லாக் கிளைகளும் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தோம். ‘தலைமை அலுவலக மெஷினை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்’ என்று நாற்பது கட்டத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். உன் மேலதிகாரி தேவானந்தம் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “எப்படி சார் செஞ்சீங்க?” என்றார். ‘தொழில் ரகசியம்’ என்று சிரித்துவைத்தேன். நாகர்கோவில் கிளை ஜோசலின் கைதட்டினாள். நீ அந்தக் கட்டங்களில் எங்கே இருந்தாய்? கண்ணில் படவில்லையே.

ஊறுகாய் தனியே வருகிறது. தோற்றவனுக்கும் பரிசு உண்டு.

காஜா


கோயம்புத்தூர்
30.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பதில் தாமதம், மன்னிக்கவும். ஊறுகாய் வந்தது. பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

இங்கே நலம். முதுகுவலி குறைந்திருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு எங்கள் ஹாலில் நல்ல வெயில் விழுகிறது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. கைனாத் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் ஆரம்பித்திருக்கிறாள். சும்மா பொழுது போகட்டும் என்றுதான்.

பூட்டு விஷயம் படித்தேன். அங்கே எல்லாம் முறைப்படிதான் நடக்கும், மச்சான். மீட்டிங்கில் இனி அதிகம் பேச வேண்டாம்.

அக்காவிடம் போனில் நான் பேசுகிறேன். நேரம் கிடைக்கும்போது.

ஷாகுல்


ராஜகீழ்ப்பாக்கம்
12.1.2025

மாப்ளே ஷாகுலுக்கு,

சலாம், நலம், நலமறிய ஆவல். சடங்கு முடிந்தது. இனி வசவு.

3ஆம் தேதி வெள்ளி, மெஷின் மறுபடி பழைய ஆட்டம். ஜும்ஆ நேரத்தில் ஒன்பது பேருக்கு ‘வரவில்லை’. கல் பூட்டு அப்படியே இருக்கிறது, உள்ளே ஃபைல் மாறியிருக்கிறது! கதவில் பூட்டு தொங்க, பீரோ காலி. கல் பூட்டைத் திறந்து, மாற்றிவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டுப் போக உங்கள் ஆட்கள் கற்றுக்கொண்டார்களாம். திருடன்கூட இவ்வளவு ஒழுங்காகப் பூட்டமாட்டான்.

விடுவேனா? நிமிடத்துக்கு ஒருமுறை என் ஃபைலை அதன் மேல் வைக்கிற மாதிரி ஒரு குட்டி நிரலை எழுதினேன். தலைமை அலுவலகம் அதற்கும் பதிலடி: இப்போது அரை மணி இல்லை, நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிடுகிறது. என் மெஷின் வைக்க, உன் மெஷின் எடுக்க, நடுவில் 10ஆம் தேதி வெள்ளி போர்டுக்குப் பைத்தியம் பிடித்தது. ‘இடைவேளை’ என்கிறது, ‘டோக்கன் எட்டு உள்ளே வரவும்’ என்கிறது, ‘இடைவேளை’ என்கிறது. டோக்கன் எட்டு ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர். எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, கடைசியில், “எனக்கே டிரில்லாய்யா?” என்று என் சட்டையைப் பிடித்தார். டாக்டர் வந்துதான் விடுவித்தார். சட்டையில் ஒரு பொத்தான் போயிற்று. பேஜார்டா மாப்ளே, பெரிய பேஜார்.

ஜனவரி 31 செல்லம்மா வருகிறாள். மூன்றாவது விழுந்தால் முடிந்தது. நீ என்னடா என்றால் ‘அங்கே எல்லாம் முறைப்படி’ என்று எழுதுகிறாய். நீ உட்கார்ந்திருக்கிற இடத்தை ‘அங்கே’ என்கிறாயே, நீ என்ன நிலாவிலா வேலை பார்க்கிறாய்? ஒரு வரி, மாப்ளே. ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அவ்வளவு பயமா அந்த தேவானந்தத்திடம்?

உன் அக்கா கேட்கிறாள்: நீ ஏன் இப்போதெல்லாம் வேலை நேரத்திலும் உடனே போனை எடுக்கிறாய் என்று. பெரிய ஆளாகிவிட்டான், அறைக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பான் என்றேன்.

காஜா


கோயம்புத்தூர்
18.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் ஸலாம். சட்டையைப் பிடித்தவர் கழுத்தைப் பிடிக்கவில்லையே, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் குட்டி நிரலை இன்றே நிறுத்துங்கள். இரண்டு மெஷினும் சண்டை போட்டால் நடுவில் நிற்பது நோயாளிதான். பூட்டுப் போட்டு இதை ஜெயிக்க முடியாது. பூட்டை உடைக்கிற அதிகாரம் அந்த மெஷினுக்கு இருக்கிறது, அதற்கு அதைக் கொடுத்தது நான். கிளையில் செய்கிற மாற்றம் அழியாமல் இருக்க வழி ஒன்றுதான். அசலிலேயே விதியை மாற்ற வேண்டும். இப்போது இருக்கும் விதி, ‘வேறாக இருந்தால் அசலை வை’. அதை, ‘ஃபைல் இல்லாவிட்டால் வை, இருந்தால் தொடாதே’ என்று மாற்ற வேண்டும். நேர ஃபைலுக்கு மட்டும் போதும். மற்றவை பழையபடி இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

நீங்களே தேவானந்தம் சாருக்குப் போன் செய்து இதே வார்த்தைகளில் கேளுங்கள். டாக்டர் மஹீனையும் எழுதச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்ல வேண்டாம்.

ஷாகுல்


ராஜகீழ்ப்பாக்கம்
24.1.2025

அன்புள்ள ஷாகுலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம். உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறேன்.

தேவானந்தத்திடம் பேசினேன். முடியாது என்றார். வேறு சிலதும் சொன்னார்.

உன் அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

காஜா


ராஜகீழ்ப்பாக்கம்
10.2.2025

ஷாகுலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பதில் போடவில்லை. போடவும் வேண்டாம், படி.

பேரைச் சொல்ல வேண்டாம் என்றாய், வாய் தவறிச் சொன்னேன். அந்த ஆள் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஷாகுலா? அவர டிசம்பர் கடைசியிலயே அனுப்பிட்டோமே சார். அனுமதி இல்லாம விதியில ஒரு வரி மாத்தி வச்சிருந்தார். நல்லவேளை நீங்க மீட்டிங்ல சொன்னீங்க. இல்லாட்டி நாங்க போய்ப் பாத்திருக்கவே மாட்டோம்.” எனக்கு நன்றி சொன்னார், ஷாகுல். போனை வைத்துவிட்டு ஜெனரேட்டர் அறையில் போய் நின்றேன். டிசம்பரில் வேலை செய்தது என் கல் பூட்டு இல்லை. அது உன் வரி. அதைப் பதக்கம் மாதிரி என் நெஞ்சில் குத்திக்கொண்டு நாற்பது கட்டத்துக்கும் காட்டினேன். பிறகு உனக்குக் கை வரவில்லை என்றும் எழுதினேன்.

31ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் ஜும்ஆவுக்குக் கிளம்பியதும் மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கினால் வேலை போகும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. இத்தனை நாள் அதற்குப் பயந்துதான் பூட்டு வித்தையெல்லாம் காட்டினேன். போர்டு இருண்டது. “இன்னா சார், கரண்டு பூட்ச்சா?” என்றாள் செல்லம்மா. “இல்லம்மா, இன்னிக்கு நான்தான் போர்டு” என்றேன். டாக்டர் திரும்பியதும் தொண்டை கிழியப் பேர் பேராகக் கூப்பிட்டேன். மூன்றாவதாக அவள். அவளைப் பார்த்து முடித்து, டாக்டர் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் வயரைச் செருகினேன். அட்டை தப்பியது.

அதற்குள் தேவானந்தம் நாலு முறை போன். “உங்க கிளினிக் இங்க செவப்பா தெரியுது சார்! என்ன பண்ணீங்க?” “வயரைப் பிடுங்கினேன் சார். நாளைக்கு மீட்டிங்கில் விவரமாகச் சொல்கிறேன்” என்றேன்.

சொன்னேன். “டிசம்பரில் நான் மெஷினை நிறுத்தியதாகச் சொன்னது பொய். என் பூட்டு ஒன்றுக்கும் ஆகவில்லை. வேலை செய்தது ஷாகுல் எழுதிய ஒரு வரி. அதற்காக அவனை அனுப்பிவிட்டீர்கள்.” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தேவானந்தம் மைக்கை அணைக்கப் பார்த்தார். அதற்குள் ஜோசலின், “சார், டிசம்பர்ல எங்களுக்கும் மாத்தி வச்ச நேரம் அழியாம நின்னுச்சு! ஞாயித்துக்கிழம சர்ச் முடியுற முன்னாடி டோக்கன் கூப்பிடாம இருந்துச்சு. நான் கர்த்தர் செஞ்சதுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். கீழக்கரைக்காரர் ஒருவர், “எங்களுக்கும்தான். வெள்ளிக்கெழம நாங்க மாத்தி வச்சது நின்னுச்சு. இப்ப ஏன் எடுத்தீங்க?” என்றார். அப்புறம் கட்டத்துக்குக் கட்டம் சந்தைக்கடை. நான் கேட்டுக்கொண்டதால் சனிக்கிழமையும் வந்திருந்த டாக்டர் மஹீன் என் தோளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, ‘அந்த வரி திரும்ப வராவிட்டால் வெள்ளிக்கிழமை நானும் வரவில்லை’ என்று சொல்லிவிட்டார். அவருக்கு யார் ஆப்சென்ட் போடுவது?

வரி திரும்ப வந்துவிட்டது. 7ஆம் தேதி வெள்ளி போர்டு ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு மெமோவும், இந்த வருஷச் சம்பள உயர்வு கிடையாது என்று ஒரு வரியும் வந்தன. உன்னைத் திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டேன். ‘அது தனி விஷயம் சார்’ என்றார். வரி வேண்டுமாம், எழுதியவன் வேண்டாமாம்.

திட்டு, மாப்ளே. நீ திட்டி ஒரு கடிதம் எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் அக்கா கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை. ஜாங்கிரி தின்றுவிட்டு முழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

காஜா


கோயம்புத்தூர்
21.2.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது.

திட்ட வரவில்லை. அந்த வரியை எழுதும்போதே என்றைக்காவது பிடிப்பார்கள் என்று தெரியும். செல்லம்மா அட்டை தப்பியது சந்தோஷம். நோன்பில் டாக்டர் நேரம் மாறும், இப்போதே ஃபைலில் மாற்றி வையுங்கள். நிற்கும்.

எனக்கு இங்கே ஒரு நூல் மில்லில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் பெருநாளுக்கு முன்னால் தெரியும்.

நேற்று அக்காவிடம் நானே எல்லாம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, ‘உன்னக் காட்டிக் குடுத்த அந்த வாய்க்கொழுப்புப் புடிச்சவன் யாருடா, பேரச் சொல்லு’ என்று மூன்று முறை கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஷாகுல்